நாடா ஓடாத தறி

ஆரணி பாவடித் தெருப் பிள்ளைகளைத் தறிச் சத்தத்தில் ஏமாற்ற முடியாது. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்ட சத்தம் அது. கண்ணை மூடிக்கொண்டு தெருவில் நடந்தாலும், ‘இது எங்க வீட்டுத் தறி, இது சக்கரவர்த்தி மாமா தறி’ என்று டக்கென்று சொல்லிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட பிள்ளைகள் ஒரு தறிச் சத்தத்தைக் கேட்டு வெலவெலத்துப் போனார்கள் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை, முழுசாகக் கேளுங்கள்.

தெருக்கோடியில் மணவாளன் வீடு. அவர் பட்டு நெய்தவர். போன வருஷம் இறந்துபோனார். பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்து, தறியைக் கழற்றி விற்றுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழி மட்டும் தரையில் அப்படியே கிடந்தது. குழியை யாரால் கழற்றி விற்க முடியும்?

பங்குனி மாதம் அந்த வீட்டுக்குக் குடித்தனம் வந்தது. பகலில் வரவில்லை. பொழுது சாய்ந்த பிறகு ஒரு வேன் வந்து நின்றது. மறுநாள் காலையில் பார்த்தால், கதவு உளுத்துப்போன ஜன்னல்களின் கம்பி மேல் எல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. ஊசி நுழைய இடமில்லை. பங்குனி வெயிலில் காற்றுக்கு ஜன்னலைத் திறந்துவைக்காத வீடும் உண்டா?

அன்று மாலையே அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

டக்… டக்… டக்… டக்…

சுபாவும் பாலுவும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். சுபலட்சுமி என்பது அவளுடைய முழுப் பெயர். ஆறாம் வகுப்பு. அவளுடைய அப்பா ஜெயக்குமார் பட்டு நெய்கிறவர். பாலு பக்கத்து வீடு, ஒரு வகுப்பு கீழே. வாய் மட்டும் பத்தாம் வகுப்பு.

“சுபா, கேட்டியா? மணவாளன் தாத்தா வூட்ல தறி ஓடுது!”

“தறியத்தான் வித்துட்டாங்களேடா.”

“அப்போ இது இன்னா?”

சுபா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தறியில் இரண்டு சத்தம் வரவேண்டும். நாடா என்பது நூலைச் சுமந்துகொண்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடும் மரக்கட்டை. அது ஓடும்போது ‘சர்ர்’ என்று கேட்கும். ஓடிய நூலைப் பலகை இழுத்து அடிக்கும்போது ‘டக்’ என்று கேட்கும். சர்ர், டக். சர்ர், டக். இங்கே டக் மட்டும் தாளம் தப்பாமல் கேட்டது. சர்ர் இல்லை.

“பாலு, நாடா ஓடலடா” என்றாள் சுபா மெதுவாக.

“நாடா ஓடாம எப்படி நெய்ய முடியும்?”

“முடியாது. நூலே இல்லாம சும்மா அடிக்கிற மாதிரி இருக்கு.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நூலில்லாமல், நாடா இல்லாமல், தறியே இல்லாமல் ஒருவர் நெய்துகொண்டிருந்தால் அவர் எப்படிப்பட்ட ஆளாக இருப்பார்? அதற்குமேல் அங்கே நிற்க இரண்டு பேருக்கும் கால் வரவில்லை. பாலுவின் ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. அதை எடுக்க அவன் மறுநாள்தான் போனான், அதுவும் அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு.

வீட்டில் அப்பாவிடம் சொன்னாள் சுபா. அவர் சிரித்தார். “மணவாளன் மாமா தறிய நானேதான் கூட நின்னு கழட்டினேன். ஒரு ஆணி கூட மிச்சம் இல்ல. பேஜார் பண்ணாம போய்ப் படி.”

ஆணிகூட மிச்சமில்லையாம்! அதைக் கேட்ட பிறகு சுபா அன்று தெருப்பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

அம்மா ஹேமலதாவின் சந்தேகம் வேறு. “ஜன்னலை இப்படி மூடி வெச்சிருக்காங்கன்னா சும்மா இருக்காது. எவனோ நம்ம டிசைனைத் திருட்டுத்தனமா காப்பி அடிக்கிறான்” என்றாள். பெரியவர்களுக்குத் திருட்டுப் பயம், சின்னவர்களுக்குப் பேய்ப் பயம். எதுவானாலும் அந்த வீட்டுக் கதவைத் தட்டி யாரும் கேட்கவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரம். சுபா கடையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினாள். தெருவிளக்கு அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தது. அதன் அடியில் யாரோ நின்றிருந்தார்கள்.

சுபாவின் உயரம்தான். கழுத்திலிருந்து கால்வரை தொளதொளவென்று கருநீல அங்கி. கையில் உறை. தலையை மூடிய முக்காடு. கையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி. அந்த உருவம் பெட்டியை விளக்கை நோக்கித் தூக்கிப் பிடித்தது. அப்புறம் சுவரிடம் கொண்டுபோனது. எதையோ மோப்பம் பிடிப்பதைப் போலப் பெட்டியை அங்கும் இங்கும் அசைத்தது.

சுபாவின் கையிலிருந்த பால் பாக்கெட் நழுவித் தொப்பென்று விழுந்தது. உருவம் திரும்பியது.

அதற்கு முகம் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடம் பளபளவென்று இருந்தது. அதில் தெரிந்தது சுபாவின் முகம்! வாயைப் பிளந்துகொண்டு, முட்டைக்கண் போட்டுக்கொண்டு, அவளுடைய சொந்த முகமே அங்கிருந்து அவளைப் பார்த்தது.

உருவம் ஒரு கையைத் தூக்கி மெல்ல ஆட்டியது.

சுபா வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று அவளுக்கே தெரியாது. பால் எங்கே என்று அம்மா கேட்டதற்கு, “பேய் குடிச்சிடுச்சு” என்றாள். அதற்கு என்ன கிடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மறுநாள் பாலு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “என் மூஞ்சிய திருடறதுக்கு முன்னாடி அது இன்னான்னு பார்த்துடணும்” என்றான். “ஞாயித்துக்கிழமை மத்தியானம் போலாம். உச்சி வெயில்ல பேய்க்குக் கண்ணு தெரியாது. சந்துப் பக்கம் ஜன்னல் இருக்கில்ல? பேப்பரை ஒரு ஓரமா கிழிச்சு உள்ள பார்க்கலாம்.”

“வேணாம்டா.”

“பயமா?”

அந்த ஒரு சொல்லுக்குத்தான் எத்தனை பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்! சுபாவும் மாட்டிக்கொண்டாள்.

ஞாயிறு மத்தியானம். தெருவில் ஈ காக்கை இல்லை. வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம் மட்டும் சர்ர் டக், சர்ர் டக் என்று வந்தது. மணவாளன் வீட்டுக்குள்ளிருந்தும் வந்தது, டக்… டக்… டக்… என்று. சந்துக்குள் நுழைந்து ஜன்னலை நெருங்க நெருங்க, மற்ற தறிகளோடு அது ஒரே தாளத்தில் சேர்ந்து அடிப்பது சுபாவுக்குத் தெரிந்தது. கையில் மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது.

பாலு காகிதத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பினான். ஓர் ஓரம்தான் அவன் நினைத்தது. ஆனால் வெயிலில் காய்ந்த பசை கையோடு வந்துவிட்டது. சர்ரென்று ஒரு முழக் காகிதம் கிழிந்தது. உச்சி வெயில் அந்த ஓட்டை வழியாகக் கத்தி மாதிரி உள்ளே பாய்ந்தது.

டக் சத்தம் நின்றது.

உள்ளே ஏதோ ஒன்று கீ… கீ… கீ… என்று கூவியது. அதோடு ஓர் அலறல். “அம்மா! வெளிச்சம்! வெளிச்சம்!” தடாலென்று எதுவோ விழுந்த சத்தம்.

“பேய் கத்துது! ஓடு!” பாலு கிழித்த காகிதத்தோடு பறந்துவிட்டான். சுபாவும் சந்து முனை வரைக்கும் ஓடினாள். அங்கே அவள் கால் நின்றுவிட்டது.

பேய் ‘அம்மா’ என்று கத்துமா?

அவள் திரும்பினாள். உள்ளே கீ… கீ… கூவிக்கொண்டே இருந்தது. நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொள்ள ஜன்னலுக்கு வந்தாள். உள்ளே எட்டிப்பார்த்தாள். காலியான அறை. தரையில் ஒரு கயிறும், கூவிக்கொண்டிருந்த அந்தச் சின்னப் பெட்டியும் கிடந்தன. யாரும் இல்லை.

“யாரு அங்க?” என்றது ஒரு குரல். “ஓட்டைய மூடு. தயவுசெஞ்சு மூடு.”

மூடுவதற்குக் கையில் என்ன இருக்கிறது? சுபா சட்டென்று திரும்பி, முதுகை ஓட்டையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். “இப்போ?”

“கொஞ்சம் கீழ. இன்னும். ஆங்… இப்போ இருட்டு.” கீ கீ நின்றது.

கொதிக்கிற ஜன்னல் கம்பி முதுகில் பட, வெயில் நேராக முகத்தில் அடிக்க, சுபா நின்றாள். குரல் எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“நீ… எங்கேர்ந்து பேசற? தரைக்குள்ளேர்ந்து வருது குரலு.”

“தரைக்குள்ளதான் இருக்கேன். தறிக்குழியில.”

கேட்கச் சுபாவுக்குப் பயமாக இருந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. “நீங்க… மணவாளன் தாத்தாவா?”

குழிக்குள்ளிருந்து ஒரு களுக் சிரிப்பு. “என் குரலு தாத்தா குரலு மாதிரியா இருக்கு? நான் இனியா. அஞ்சாவது படிக்கிறேன். வூட்லயே படிக்கிறேன். உன் பேரு இன்னா?”

“சுபா.”

“பால் பாக்கெட்டை போட்டுட்டு ஓடினியே, நீதானே? நான் கை ஆட்டினேன், நீ பார்க்கவே இல்ல.”

சுபாவுக்கு மூச்சு வந்தது. அடுத்த மூச்சில் வெட்கமும் வந்தது. “உனக்கு மூஞ்சி இருக்குதா?”

“இருக்குதே! அது முன்னாடி ஒரு ஷீட்டு மாட்டியிருப்பேன். வெயிலைத் தடுக்கிற ஷீட்டு. கையில இருந்த பெட்டி, வெயிலுலயும் விளக்குலயும் இருக்கிற கெட்ட கதிரை அளக்கும்; பூஜ்யம்னா பயமில்ல, ஏறினா கீ கீன்னு கத்தும். இன்னிக்கு அந்த டிரஸ்ஸைத் தோச்சுட்டாங்க, கொல்லையில காயுது. மத்த ரூம்ல எல்லாம் கூரையில கண்ணாடி ஓடு வெச்சிருக்கு, அதை இன்னும் மூடல, வெயிலு தரையில விழும். அதான் குழிக்குள்ள குதிச்சுட்டேன். முட்டி தேஞ்சிடுச்சு. அம்மா மருந்துக் கடைக்குப் போயிருக்காங்க. அவங்க வர்ற வரைக்கும் நகராதே, சுபா.”

“நகர மாட்டேன். வெயிலு பட்டா உனக்கு இன்னா ஆவும்?”

“ஜீரோடெர்மா பிக்மென்டோசம்.”

“ஏய், எதுக்குத் திட்ற?”

“திட்டல! அதான் எனக்கு இருக்கிற நோவு பேரு. அந்தப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எங்கப்பா ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிடுவாரு. பயப்படாத, தொட்டா ஒட்டாது. பொறக்கும்போதே வர்றது.”

குரல் குழிக்குள்ளிருந்து தொடர்ந்தது. முகம் தெரியாமல், தரைக்கடியிலிருந்து வரும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்பது சுபாவுக்கு இன்னமும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் நகரவில்லை.

“உடம்பு பூரா செல்லு செல்லா இருக்குதில்ல? ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கண்ணுக்கே தெரியாத நூலு ஒன்னு இருக்கு. டி.என்.ஏ.ன்னு பேரு. உடம்பு எப்படி இருக்கணும்னு அதுலதான் இருக்கு. வெயிலு பட்டா அந்த நூல்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு கண்ணி ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும்.”

“இழை ஒட்டிக்கிற மாதிரியா? பாவுக்கு, அதான் சேலைக்கு நீளமா போற நூலுக்கு, கஞ்சி போட்டா எங்களுக்கும் ஒட்டும். எங்கப்பா விரலால பிரிச்சு விடுவாரு. ரொம்ப கெட்டுப்போச்சுன்னா அந்த எடத்தை வெட்டி எடுத்துட்டு புது இழை சேத்துடுவாரு.”

“அதேதான்!” குழிக்குள் குரல் துள்ளியது. “உன் உடம்புக்குள்ளயும் அப்படி ரிப்பேர் பண்றதுக்கு ஆளு இருக்கு. இப்போ வெயில்ல நிக்கிற இல்ல? உனக்கும் ஒட்டிகினுதான் இருக்கும். உன் ஆளு ஒட்டினதை வெட்டி எடுத்துட்டு, புதுசு போட்டுகினே இருப்பாரு. எனக்கு அந்த ஆளு வேலைக்கே வரல.”

“லீவா?”

“பொறந்ததுலேர்ந்து லீவு.”

இருவரும் சிரித்தார்கள். அப்புறம் சுபா கேட்டாள், “ஒட்டினது ஒட்டினபடி இருந்துட்டுப் போனா இன்னா?”

“செல்லு ரெண்டா ஆவறப்ப அந்த நூலைப் பார்த்து காப்பி எடுக்கும். ஒட்டின எடத்துல தப்பா காப்பி ஆயிடும். அப்புறம் அந்தத் தப்பைப் பார்த்து இன்னொரு காப்பி.”

சுபாவுக்கு இது தெரிந்த சங்கதி. சேலையில் பூவும் மயிலும் எங்கெங்கே விழவேண்டும் என்பதைத் தறிக்குச் சொல்வது ஓட்டை போட்ட அட்டைகள். ஒருமுறை அப்பா பழைய அட்டையைப் பார்த்துப் புது அட்டை அடித்தபோது ஒரே ஓர் ஓட்டை தப்பாக விழுந்துவிட்டது. அதைக் கவனிக்காமல் நெய்துவிட்டார். முந்தானை முழுக்க ஒரு மயிலுக்கும் கண் இல்லை. எல்லா மயிலும் குருட்டு மயில். அம்மா ஒரு வாரம் சிரித்தாள், அப்பா ஒரு வாரம் பேசவில்லை.

இதைச் சொன்னதும் இனியா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “எனக்கு மயிலு வராது. கட்டி வரும்” என்றாள். “புத்துநோய்க் கட்டி. மூக்கு மேல ஒன்னு வந்துச்சு. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. இன்னொன்னு வரக்கூடாதுன்னுதான் இவ்ளோ இருட்டு.”

கம்பி இன்னும் சுட்டது. சுபா முதுகை இன்னும் கொஞ்சம் அழுத்திவைத்தாள்.

“தினமும் டக்கு டக்குன்னு கேக்குதே, அது இன்னா?”

“கயிறு. ஸ்கிப்பிங் ஆடுவேன். வெளியில வர முடியாதில்ல. உங்க தெருவுல தறி அடிக்குமே, அந்தத் தாளத்துக்குத்தான் குதிப்பேன். எல்லார் கூடவும் சேந்து ஆடற மாதிரி இருக்கும்.”

நாடா ஓடாத தறியின் ரகசியம் இவ்வளவுதான். இதற்கா பாலு செருப்பை விட்டுவிட்டு ஓடினான்!

“சுபா… பேப்பரைக் கிழிச்சது யாரு?”

சுபா பொய் சொல்லியிருக்கலாம். “பாலு இழுத்தான். நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்” என்றாள்.

“சேத்துப்பட்டுல இருந்தோம். அங்கயும் பேயுன்னு சொல்லி ஜன்னலை ஒடைச்சாங்க. இங்கயும் யாராச்சும் அப்படி பண்ணா, உடனே வேற ஊருக்குப் போயிடலாம்னு அப்பா சொல்லிட்டாரு.” குரல் கம்மியது. “எனக்குப் போவ இஷ்டமில்ல.”

அப்போது சந்து முனையில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பேய் சுபாவைத் தின்றுவிட்டதா, மிச்சம் வைத்திருக்கிறதா என்று பார்க்க வந்த பாலு. கையில் கறுப்புக் காகிதம் இன்னும் இருந்தது, ஆனால் பயத்தில் அதைக் கசக்கிப் பந்தாக்கியிருந்தான்.

“பாலு, பேயும் இல்ல ஒன்னும் இல்ல. உள்ள ஒரு பொண்ணு இருக்கா. வெயிலு பட்டா அவ உயிருக்கே ஆபத்து. மூடறதுக்கு எதுனா கெட்டியா எடுத்துகினு வா! ஜல்தி!”

பாலு ஓடினான். போன வேகத்தில் இரு கையிலும் அடுக்கிக்கொண்டு வந்தான். பார்த்தால், பழைய டிசைன் அட்டைகள். ஒவ்வொன்றிலும் நூறு ஓட்டை.

“டேய்! ஓட்டைய மூட ஓட்டை அட்டையாடா எடுத்துகினு வருவ?”

“கெட்டியா இருக்கே!”

குழிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பாலு ஓர் அடி பின்னால் குதித்தான்.

கடைசியில் சுபா சொன்னபடி, பாவுக்குப் போடக் காய்ச்சி வைத்திருந்த கஞ்சியைக் கிண்ணத்தில் கொண்டுவந்தான். காகிதப் பந்தை நீவி விரித்து, இரண்டாய் மடித்து, கஞ்சி தடவி, சுபா இஞ்ச் இஞ்சாக நகர நகர ஒட்டினார்கள். அவள் சொக்காய் முதுகெல்லாம் கஞ்சி. ஓட்டை மூடி முடிக்கிற நேரம், பின்னால் ஒரு குரல்.

“என்ன பண்றீங்க அங்க?”

இனியாவின் அம்மா பாஞ்சாலை. கையில் மருந்துப் பை. கிழிந்த காகிதத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போனது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினாள்.

சற்று நேரம் கழித்து வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. “எங்களால இனிமே முடியாதும்மா. அவரு மில்லுலேர்ந்து வந்ததும் பேசி, வேற ஊரு பார்த்துக்கறோம்” என்றாள்.

“அம்மா! அவ நகரவே இல்லம்மா!” என்று உள்ளேயிருந்து கத்தினாள் இனியா. பாஞ்சாலை அப்போதுதான் சுபாவைச் சரியாகப் பார்த்தாள். முகம் செக்கச்செவேலென்று சிவந்து, சொக்காய் முதுகில் கம்பித் துருவோடும் கஞ்சியோடும் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்து அவளால் திட்ட முடியவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“ஆன்ட்டி, நாளைக்கு வரைக்கும் பொறுங்க” என்றாள் சுபா. “நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி தெருவுல பாவு போடுவாங்க. இனியாவக் கூட்டிகினு வாங்க. அதுக்கப்புறம் போறதுன்னா போங்க.”

பாவு போடுவது என்றால், சேலைக்கு நீளவாட்டில் போகிற பட்டு இழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, நீவிவிடுவது. வெயில் ஏறினால் கஞ்சி முறுகி இழை அறும், சாயமும் வெளுக்கும். அதனால் சூரியன் எட்டிப் பார்ப்பதற்குள் முடித்துவிடவேண்டும். பாவடித் தெரு முழுசும் கூடி நிற்பது அந்த ஒரு நேரத்தில்தான், அதுவும் வெயில் இல்லாத நேரம். இது சுபாவுக்கு வெயிலில் நிற்கும்போதே தோன்றிவிட்டது.

அன்று மாலை அவள் வீடு வீடாகப் போனாள். டி.என்.ஏ.வை எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “அந்த வூட்ல பட்டு இருக்குது. வெயிலு படக்கூடாது. அதான் மூடி வெச்சிருக்காங்க. அந்தப் பட்டோட பேரு இனியா.”

நெசவுக்காரர்களுக்கு இதற்குமேல் சொல்லவேண்டியதில்லை. ஹேமலதா மட்டும், “நான் வேற திருடுறாங்கன்னு…” என்று முணுமுணுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் கருக்கல். தெருவில் மெல்லிய பனி. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் அரக்குச் சிவப்புப் பாவு தெருநீளத்துக்கும் நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள். பேச்சும் இருமலும் சிரிப்பும்.

தெருக்கோடியில் கதவு கிரீச்சிட்டது. பேச்சு நின்றது.

பனிக்குள்ளிருந்து அந்த உருவம் வந்தது. கருநீல அங்கி, முகமில்லாத தலை, கையில் பெட்டி. பின்னால் பாஞ்சாலையும், களம்பூர் அரிசி மில்லில் வேலை செய்யும் இனியாவின் அப்பா அன்புச்செல்வனும் வந்தார்கள். அவர் எந்த நேரமும் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக இருப்பவர் போல வந்தார். விஷயம் தெரிந்திருந்தும் ஆட்கள் தங்களை அறியாமல் ஓர் அடி பின்வாங்கினார்கள். சுபாவுக்கும் ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது.

உருவம் விளக்கின் கீழ் நின்றது. பெட்டியை உயரத் தூக்கிப் பார்த்தது. பிறகு எல்லாருக்கும் தெரியும்படி திருப்பிக் காட்டியது. பெட்டியில் பூஜ்யம்.

உறை போட்ட கை முக்காட்டைப் பிடித்து இழுத்தது. பளபளத்த அந்த ஷீட் மேலே போனது.

உள்ளே ஒரு சின்ன முகம். கன்னமெல்லாம் புள்ளி புள்ளி. மூக்கின் மேல் ஒரு தையல் தழும்பு. தெருவில் இத்தனை பேர் தன்னைப் பார்ப்பதைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தது அது. அன்புச்செல்வன் மகளின் தோளில் கைவைத்தார். சுபாவுக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

சக்கரவர்த்தி மாமா தொண்டையைக் கனைத்தார். தெருவிலேயே கடுகடுப்பான ஆள் அவர். சொந்தப் பேரனையே பாவைத் தொட விடமாட்டார்.

“கை சுத்தமா இருக்குதா?” என்றார்.

“உறையைக் கழட்டினா சுத்தம்தான் தாத்தா” என்றாள் இனியா.

“அப்போ கழட்டிட்டு வா. வேடிக்கை பார்த்துகினு நின்னா வேலை ஆவாது. அந்தப் பக்கம் சுபா கிட்ட நில்லு.”

தெரு பழையபடி சலசலவென்று பேச ஆரம்பித்தது. அன்புச்செல்வனிடம் யாரோ ஒரு டம்ளர் டீயை நீட்டினார்கள். ஜெயக்குமார், “அந்த ஜன்னலுக்கு நல்ல மரப்பலகை நான் அடிச்சுத் தரேங்க. பேப்பரெல்லாம் எத்தினி நாளைக்குத் தாங்கும்?” என்றார். அன்புச்செல்வன் டீயைக் குடிக்காமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தார். பாலு ஒரு வழியாகப் பக்கத்தில் வந்து, “சாரி” என்று சொல்லிவிட்டு, “என் செருப்பைப் பார்த்து நீ சிரிச்சியா?” என்று கேட்டான்.

இனியா குனிந்து பாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சுபா, இங்க பாரு” என்று கிசுகிசுத்தாள். “பக்கத்துப் பக்கத்து இழை ரெண்டு ஒட்டிகினு இருக்கு.”

“பிரிச்சு விடு.”

“நானா?”

“நீதான் பார்த்த. நீயே பண்ணு. மெதுவா.”

இனியா மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுண்டுவிரல் நகத்தை நடுவில் விட்டு நகர்த்தினாள். கஞ்சி விட்டது. இரண்டு இழையும் தனித்தனியாக விலகி, வரிசையில் போய் நின்றன. அவள் நிமிர்ந்து தன் விரலையே பார்த்தாள். அப்புறம் குனிந்து அடுத்ததைத் தேடினாள்.

கிழக்கே வெளுத்தது. பெட்டி இன்னும் சத்தம் போடவில்லை. ஆனால் சக்கரவர்த்தி மாமாவுக்குப் பெட்டி தேவையில்லை. வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, தினமும் போடுகிற அதே சத்தத்தை அன்றும் போட்டார்.

“வெயிலு வருது! பட்டை உள்ள எடுங்கப்பா!”

இனியா முக்காட்டை இழுத்துக்கொண்டே கேட்டாள். “என்னையா சொல்றாரு?”

“உன்னையும்தான்” என்று சொல்லிவிட்டு, சுபா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.